யூதாசின் உயிலை வாசிக்கிறவள்

வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் லிண்டால்வா யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். நகராட்சிப் பள்ளியின் சமையலறையில் பெரிய அலுமினியப் பானைகளுக்குப் பின்னால் நின்று பிள்ளைகளுக்குச் சோறும் அவரையும் அள்ளிப் போடுவாள். தலைமையாசிரியை திட்டினால் "சரிங்க" என்பாள். லாரிக்காரன் பாதி மூட்டையை மட்டும் இறக்கிவிட்டு முழு மூட்டைக்குக் கையெழுத்துக் கேட்டால், முறைத்துப் பார்த்து, பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவ்வளவுதான் அவளுடைய கலகம்.

மிச்சமிருக்கும் அந்த ஒரு நாள், பெரிய வெள்ளிக்கு மறுநாளான சனிக்கிழமை. அன்று காலை கோவில் மணி அடித்ததும் அவள் சந்தைத் திடலில் ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் ஏறி நின்று, அந்த வருடம் எங்கள் உம்புசால் ஊரில் யார் அதிகமாக ஆடினானோ அவனை உரித்துவிடுவாள்.

யூதாஸ் பொம்மையை அடிக்காமல் எங்கள் ஊரில் ஈஸ்டர் வராது. பழைய காற்சட்டை, பழைய சட்டை, உள்ளே காய்ந்த வாழையிலை, வயிற்றில் பட்டாசு. வியாழக்கிழமையே திடலின் புளியமரத்தில் அது தொங்கிவிடும். சனிக்கிழமை அதன் உயிலை வாசிப்பார்கள். செத்துப்போகிற யூதாஸ் தன் சொத்தை யார் யாருக்கு விட்டுப்போகிறான் என்று பாட்டாகவே இருக்கும். வாசித்து முடிந்தபிறகுதான் தடி. உயில் வாசிக்காமல் ஒருவனும் கை வைக்கமாட்டான். பொம்மையின் பெயர் எப்போதும் யூதாஸ்தான். முகம் யாருடையது என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு உயில் வாசிக்கவேண்டிய தபால்காரர் கரும்புச் சாராயத்தில் மூழ்கி வாசற்படியிலேயே கிடந்தார். கூட்டம் வெயிலில் காத்திருந்தது. பள்ளிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த லிண்டால்வா ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு பெட்டி மேல் ஏறினாள். இறங்கும்போது ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவள்தான்.

ஹெலிகாப்டரில் ஓட்டுக் கேட்க வந்து முப்பது ஆடுகளை மிரட்டி ஓடவிட்ட சட்டமன்ற உறுப்பினரை அவள் தொங்கவிட்டிருக்கிறாள். திருவிழா நாளில் கோவில் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை அங்கியில் போட்டுக்கொண்ட பாதிரியாரையும்தான். இன்னொரு முறையும் உண்டு எங்களுக்கு. யார் முகம் தொங்குகிறதோ அவனே பொம்மையின் வயிற்றுக்கான பட்டாசை அனுப்பவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டாவது அனுப்பிவிடுவார்கள். பாதிரியார் அனுப்பியது இருப்பதிலேயே பெரிய சத்தம். அதற்கப்புறம் கழிப்பறை பூட்டப்படவில்லை.

ஒசானில்டோ மேயரானபிறகுதான் இந்த முறை புரியாத ஒரு ஆள் எங்களுக்கு வாய்த்தான்.

அவனைப் பற்றி மரியாதையாக எழுத முயன்று பார்த்தேன், கை வரவில்லை. செம்மண் தூசியைத் தவிர எதுவும் விளையாத ஊரில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நடப்பான். பின்னாலேயே துடைக்கும் துணியோடு மச்சினன் வருவான். அந்த மச்சினனுக்கு நகராட்சிச் செயலாளர் என்று பெயர். தன் கட்சிக் கொடியின் நீலத்தைப் பள்ளிக்கு அடித்தான், பேருந்து நிறுத்தத்துக்கு அடித்தான், கல்லறைத் தோட்டத்து வாசலுக்கும் அடித்து அதன்மேல் தன் பெயரை எழுதிக்கொண்டான். செத்தவர்களும் அவனுக்குக் கீழேதான் நுழையவேண்டும். மேலத் தெருவில் ஒரே குடிநீர்க் குழாயை மூன்று முறை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தான். மூன்று முறையும் பேண்டு வாத்தியம் வந்தது, தண்ணீர் வரவில்லை. எங்கள் ஊரில் காரும் பேனாவும் வைத்திருக்கிற எல்லோரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அதை நிஜமாகவே நம்பி வீட்டு வாசலில் பலகை மாட்டிக்கொண்டான்.

அந்த வருடம் வியாழக்கிழமை காலை புளியமரத்தில் பொம்மை தொங்கியபோது சந்தை முழுக்க நின்று பார்த்தது. முன்னால் தள்ளிய வயிறு, சுண்ணாம்பு பூசிய பழைய ஷூ, வலது கையில் தகரக் கத்தரிக்கோல், நெற்றியில் வழிவது போலக் கரியால் போட்ட இரண்டு கோடு. பெயர் எங்கும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் லிண்டால்வா ஒரு பொம்மைக்கும் பெயர் எழுதியதில்லை, உயிலில் ஒருவர் பெயரையும் சொன்னதுமில்லை.

பட்டாசு வரவில்லை. போலீஸ் ஜீப் வந்தது. இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி, பொம்மையை இடுப்பைப் பிடித்து இறக்கி, பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். பிறகு பள்ளிக்குப் போய், சமையலறை ஆணியில் தொங்கிய உயில் நோட்டையும், கூடவே லிண்டால்வாவையும்.

காவல் நிலையத்தில் அன்று நடந்தது ஜன்னலுக்கு வெளியே நின்ற இருபது பேருக்குத் தெரியும், அதில் நானும் ஒருத்தி. இன்ஸ்பெக்டர் வாண்டர்லேய்க்கும் டாக்டர் பட்டம் உண்டு. அறைக்குள் இரண்டு டாக்டர்கள், ஒரு காய்ச்சலைக் குணமாக்க இருவராலும் முடியாது. வாண்டர்லேய் மீன் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். பொம்மை மூலை நாற்காலியில். லிண்டால்வா பெஞ்சில், கைகள் மடியில்.

"பேர்?" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர்.

"என் பேர் உமக்குத் தெரியாதா?" என்றான் மேயர்.

"எனக்குத் தெரியும் டாக்டர். படிவத்துக்குத் தெரியாதே."

சொன்னான். எழுதினார்.

"புகார் என்ன?"

"இவ என்னைத் தூக்குல தொங்கவிட்டிருக்கா."

"தொங்குனது பொம்மைதானே? அதுல பேர் ஏதாச்சும் போட்டிருக்கா?"

"பேர் இல்ல. ஆனா அது நான்தான்."

வாண்டர்லேய் பேனாவைக் கீழே வைத்தார். "'அது நான்தான்'னே எழுதிக்கட்டுமா?"

"எழுதுமய்யா!"

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"வயித்தப் பாரும்."

இன்ஸ்பெக்டர் பொம்மையின் வயிற்றைப் பார்த்தார், மேயரின் வயிற்றைப் பார்த்தார், எழுதினார். வெளியே யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"அப்புறம் ஷூ. இந்த ஊர்ல வெள்ளை ஷூ போடுற ஒரே ஆள் நான்."

"ஒரே ஆள்... சரி. நெத்தியில என்ன கோடு?"

"தலைச்சாயம் வழியுதாம். அப்படி வரைஞ்சிருக்கா."

"உங்களுக்கு வழியுமா டாக்டர்?"

மச்சினன் இருமினான்.

"வெயில் அதிகமா இருந்தா," என்றான் மேயர்.

"'வெயில் அதிகமாக உள்ள நாட்களில்.' எழுதியாச்சு. கையில கத்தரிக்கோல்?"

"ஒரே குழாய மூணு தரம் தொறந்தேன்னு குத்திக்காட்டுறா!"

"தொறந்தீங்களா?"

"ஒவ்வொரு தரமும் புது ரிப்பன்!"

"பொம்மை பாக்கெட்டுல கேக்குத் துண்டு ஒண்ணு இருந்துச்சு. அது உங்களுக்குச் சம்பந்தமில்லாததுதானே? விட்டுரலாமா?"

"எப்படி விடுறது? ஆம்புலன்ஸ்ல என் பொண்ணு கல்யாணக் கேக்கு வந்ததைச் சொல்றாய்யா அவ. அன்னிக்கு நோயாளி ஒருத்தனும் இல்ல, அதையும் சேர்த்து எழுதும்!"

லிண்டால்வா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் யார் பேரும் சொல்லலையே டாக்டர். யூதாஸ்னுதானே தொங்கவிட்டேன்."

"வாய மூடு! என்னை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி டாக்டர்," என்றாள்.

மூன்று பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவன் தன் பெரிய கையெழுத்தைப் போட்டான், கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து. உயில் நோட்டு சாட்சிப் பொருள் என்று அலமாரிக்குள் போயிற்று. பொம்மை லாக்கப்புக்குள் போயிற்று. புகாரின் நகல் ஒன்று சட்டப்படி லிண்டால்வா கையில் வந்தது.

வாசலில் மச்சினன் அவளை நிறுத்தினான்.

"லிண்டால்வா அம்மா, ஒரு நிமிஷம். உங்க பள்ளிக்கூட ஒப்பந்தம் மாசக் கடைசியில முடியுதில்ல?"

"முடியுது."

"புதுப்பிக்கிறது யாரு?"

"நீங்கதான்."

"இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. 'தவறுதலாகச் செய்துவிட்டேன், மன்னிக்கவும், இனிமேல் உயில் வாசிக்கமாட்டேன்.' அவ்ளோதான். புகாரும் போயிடும், ஒப்பந்தமும் வந்துடும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு."

தாளை வாங்கிக்கொண்டாள். அதையும் புகாரையும் ஒன்றாக மடித்து மார்ச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள்.

அவள் புருஷன் எப்போதோ தெற்கே கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டவன். அந்தப் பள்ளி வேலையில்தான் மகளை நர்சிங் படிக்க அனுப்பியிருந்தாள். இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. இது ஊருக்கே தெரியும், மச்சினனுக்கும் தெரியும். அதனால்தான் அந்தத் தாள்.

பெரிய வெள்ளியன்று ஊர் செய்ததைச் சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. லாக்கப்பின் பக்கவாட்டு ஜன்னல் வழியே பொம்மையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனோம். ஒருவர் தேங்காய்ப்பால் மீன் கொண்டுபோனார், ஒருவர் காப்பி. ஒரு கிழவர் "தைரியமா இரு மகனே" என்று பொம்மைக்கு ஆறுதல் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. மேயரின் கார் தெருமுனையில் திரும்பியதும் ஐம்பது பேரும் சட்டென்று மருந்துக்கடை விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினோம். தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னவர்களும் உண்டு. மீன் கொண்டுவந்தவர் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஒன்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஆள்கிறவனைப் பற்றிச் சிரிப்பதற்கு முன் சுவருக்குக் காது இருக்குமோ என்று பார்க்கிற நாடுகளில் இருந்திருக்கிறேன். முதலில் கண் சுவருக்குப் போகும், பிறகு வாய் மூடும், கடைசியில் சிரிப்பே தோன்றாமல் போய்விடும். அன்று மருந்துக்கடை விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்த என் முகமும் அதே முகம்தான்.

லிண்டால்வா வீட்டில் பக்கத்து வீட்டு இராசி அவள் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறை.

"அடியே, கையெழுத்துத்தானே? போட்டுத் தொலை. காகிதம் என்ன கடிக்கவா போகுது?"

"காகிதம் கடிக்காது."

"பிள்ள படிப்பு?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"ஒரு பொம்மைக்காகவா?"

லிண்டால்வா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். "இராசி, வருஷம் பூரா அவன் பேசுறான், நான் கேக்குறேன். ரேடியோவுல பேசுறான், பிள்ளைங்க சாப்பிடுறப்போ வந்து பேசுறான், சோறு ஆறிப்போற வரைக்கும் பேசுறான். ஒரே ஒரு காலைப்பொழுது நான் பேசுறேன், அவன் கேக்குறான். அதையும் எழுதிக் குடுத்துட்டா நான் யாரு? பானைக்குப் பின்னாடி இன்னொரு பானை."

"ஐயோ, பெரிய பேச்சு."

"பெரிய பேச்சு இல்ல. முள்ளு இருக்கு, பாத்துச் சாப்பிடு."

சாயங்காலம் எதிர்க்கட்சித் தலைவன் கிளோதோமீர் வந்தான். கூடவே கைப்பேசியில் படம் பிடிக்க ஒரு ஆள். வாசலில் நின்றபடியே, கருத்துச் சுதந்திரத்தின் கழுத்து இந்த ஊரில் நெரிக்கப்படுகிறது என்று கைப்பேசியைப் பார்த்துப் பேசினான். லிண்டால்வாவை அவன் ஒருமுறையும் பார்க்கவில்லை. "நம்ம அக்கா, இந்த மண்ணின் குரல்," என்று அவள் தோளில் கையைப் போட்டான்.

"உங்களையும் ஒரு வருஷம் தொங்கவிட்டிருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் ஜனநாயகம் அக்கா!" என்றான் கேமராவுக்கு.

"நீங்க பட்டாசு அனுப்புனது பத்து நாள் கழிச்சு."

கைப்பேசியை அணைக்கச் சொன்னான்.

சனிக்கிழமை மணி அடித்தபோது திடல் நிரம்பியிருந்தது. எதைப் பார்க்க வந்தோம் என்று எங்களுக்கே தெரியாது. மரத்தில் வெறும் கயிறு. மேயரும் வந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் தன் கண்ணால் பார்க்க ஆசை. நிழலுக்காகப் புளியமரத்தடியில், அந்தக் கயிற்றுக்கு நேர் கீழேயே நின்றான், வெள்ளை ஷூவில். மச்சினன் பேனாவைத் திறந்து வைத்திருந்தான்.

லிண்டால்வா நேராக அவர்களிடம் போனாள். மார்ச்சட்டைக்குள்ளிருந்து மன்னிப்புத் தாளை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாகவே இருந்தது. அதை மச்சினன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "உங்க தாள். பூட்டி வைக்க என்கிட்ட அலமாரி இல்ல," என்று சொல்லிவிட்டுத் தக்காளிப் பெட்டியில் ஏறினாள்.

"உயில் நோட்டு போலீஸ்ல இருக்கு," என்றாள். "பொம்மையும் அங்கதான் இருக்கு. என்கிட்ட ஒரே ஒரு காகிதம்தான் இருக்கு. நான் எழுதுனது இல்ல. ஒரு எழுத்துக்கூட என்னுது இல்ல. சட்டப்படி எனக்குக் குடுத்தது."

நகலைப் பிரித்தாள். பாட்டுக் குரலே இல்லை. பள்ளியில் உணவுப் பட்டியல் வாசிக்கும் குரல்.

"புகார்தாரர் கூறுவதாவது: மேற்படி பொம்மையின் வயிறு புகார்தாரரின் வயிற்றை அளவிலும் வடிவிலும் ஒத்திருக்கிறது."

நூற்றுக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் மரத்தடிக்குத் திரும்பின. பார்த்தன. பெட்டிக்குத் திரும்பின.

"இவ்வூரில் வெள்ளைக் காலணி அணியும் ஒரே நபர் தாம் என்று புகார்தாரர் உறுதி கூறுகிறார்."

தலைகள் கீழே பார்த்தன.

"வெயில் அதிகமாக உள்ள நாட்களில் தமது தலைச்சாயம் வழிவது உண்டு என்று புகார்தாரர் ஒப்புக்கொள்கிறார்."

அன்று வெயில் அதிகம். மரத்தடியில் நின்றவனின் நெற்றியில், பத்தொன்பது வருடமாக எந்தப் பொம்மையிலும் அவளால் வரைய முடியாத அழகோடு, ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. மச்சினன் ஷூத் துணியால் அதைத் துடைத்தான். அதோடு திடல் உடைந்தது. கசாப்புக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதிரியார் அங்கிக்கையைக் கடித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை விளம்பரத்தை அன்று யாரும் படிக்கவில்லை.

ரிப்பன் வந்தது, ஆம்புலன்ஸ் கேக்கு வந்தது. ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், மூன்று பக்கமும் வாசித்தாள். கடைசி வரி: "மேற்கண்டவை அனைத்தும் உண்மை. மேற்படி பொம்மை நான்தான். இப்படிக்கு, ஒசானில்டோ." தக்காளிப் பெட்டியிலிருந்து ஒலித்த முதல் பெயர் அது. அதை அவனே எழுதிக் கொடுத்திருந்தான்.

நகலை மடித்தாள். உயில் முடிந்தால் தடி என்பது முறை. சிலர் தடியோடு நின்றார்கள். மரத்தடியில் அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவனும் உம்புசாலில் பிறந்தவன்தான், முறை தெரியும்.

"பொம்மை இல்லாததால அடி இல்ல," என்றாள் லிண்டால்வா. "எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

மாசக் கடைசியில் வேலை போயிற்று. அவள் இடத்துக்கு மச்சினனின் சித்தி வந்தாள், சத்துணவு பிஸ்கட்டாயிற்று. லிண்டால்வா பேருந்து நிறுத்தத்தில் விடிகாலையில் சோள உப்புமாவும் காப்பியும் விற்றாள். நீலம் பூசிய கூரைக்குக் கீழேதான் அடுப்பு. மகள் ஒரு பருவம் படிப்பை நிறுத்தி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். இதையும் சொல்லவேண்டும். அன்று வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் பலர் நிறுத்தத்துக்கு வந்து, "கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம் அக்கா," என்று சொல்லிக் கடனுக்குக் காப்பி குடித்தார்கள்.

அக்டோபர் தேர்தலில் ஒசானில்டோ தோற்றான். பொம்மையால் தோற்றான் என்று பெருமையடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவனைவிட ஒரு வாரம் முன்னால் கிளோதோமீர் வீட்டுக்கு வீடு சிமெண்ட் மூட்டை இறக்கியிருந்தான், அதுதான் காரணம். ஜனவரியில் பதவியேற்று, பேருந்து நிறுத்தத்துக்குப் பச்சை அடித்தான். லிண்டால்வாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தான், கைப்பேசி முன்னால். வாங்கிக்கொண்டாள். மகள் திரும்பப் படிக்கப் போனாள்.

மார்ச்சில் மேலத் தெருக் குழாய்க்கு நாலாவது ரிப்பன் வெட்டப்பட்டது.

புனித வாரத் திங்கட்கிழமை கிளோதோமீர் தனியாக, கைப்பேசிக்காரன் இல்லாமல், பள்ளிச் சமையலறைக்கு வந்தான். லிண்டால்வா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பச்சைச் சட்டைக்குள் வாழையிலை திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பியை வளைத்துச் செய்த மூக்குக் கண்ணாடி. அவன் அணிவது மாதிரியே.

"அக்கா... என்னையுமா?"

"யூதாஸ் தம்பி இது. வேற யாரு?"

"உங்களுக்காக அன்னிக்கு நான் எவ்ளோ பேசினேன்!"

"பேசினீங்க. நல்லாத்தான் பேசினீங்க. அதுவும் உயில்ல வருது."

"ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு அக்கா. ஞாபகம் இருக்கட்டும்."

லிண்டால்வா ஊசியில் நூல் கோத்தாள். தலையைத் தூக்கவில்லை.

"உப்புமாச் சட்டியை நான் இன்னும் விக்கல தம்பி. பட்டாசு அனுப்பப் போறீங்களா, ஜீப்பு அனுப்பப் போறீங்களா? அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க. பட்டாசுன்னா வயித்துல இடம் விட்டுத் தைக்கணும்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அவள் இடம் விட்டே தைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் ஒரு பொட்டலம் வந்தது. கடையிலேயே மட்டமான ரகம், அதிலும் பாதி நமத்துப்போனது. சனிக்கிழமை புளியமரத்தில் நாலு வெடித்தன, மற்றவை புகைந்தன.